கக்கூஸ் வாசலில் மாட்டிய பிரார்த்தனை

யூலை 7, திங்கள்

நடு மாரி, காலை இரண்டு பாகை. கார்க் கண்ணாடி முழுக்கப் பனி. இவர் இரவு வேலை முடிந்து வந்த கையோடு என்னைக் கிரான்பர்ன் ஸ்ரேசனில் இறக்கிவிட்டார். ரயிலில் எதிரே இருந்தவன் மூக்குத் துடைத்த கடதாசியைச் சீற் இடுக்கில் செருகினான். என்னைப் பார்த்துக்கொண்டே செருகினான். சீ.

புது வீடு, கோல்ஃபீல்டில். ரூத், வயது 61, யூதப் பெண், தனியே. மகன் சிட்னியில். குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்து ஐந்து கிழமை. வயிற்றில் துளை போட்டு, அதன்மேல் பை. மலம் இனி அந்த வழியால்தான், ஆயுளுக்கும். என் வேலை: குளிப்பாட்டுதல், பை, சமையலில் உதவி. 8–12. வியாழன் இல்லை.

அந்த வீட்டுச் சட்டங்கள், மறக்காமல் இருக்க:
– சிவப்பு நாடா ஒட்டியது இறைச்சிப் பாத்திரம். நீல நாடா பால் பாத்திரம். கழுவும் தொட்டியும் இரண்டு. மாறக்கூடாது.
– கீரை, சலாது எல்லாம் இலை இலையாக வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி பார்க்கவேண்டும். ஒரு கட்டுக்கு அரை மணி நேரம்!
– வெளிச் சாப்பாடு குசினிக்குள் வரக்கூடாது.

மூன்றாவதுதான் வயிற்றெரிச்சல். நான் முட்டைகூடத் தொடாத சைவம். என் இடியப்பப் பெட்டி, கோழி அவிக்கிற குசினிக்குள் போகக்கூடாதாம்! பின்கதவுக்கு வெளியே, குளிரில், கதிரையில் இருந்து சாப்பிட்டேன். யாருக்கு யார் துடக்கு, யார் தீட்டு?

அதைவிடப் பெரியது ஒன்று. கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன் விளிம்போடு ஒரு பிரார்த்தனை. அவர்களுடைய எழுத்து, கீழே ஆங்கிலம். கடவுள் என்ற சொல் கண்ணில் பட்டதும் மற்றதை வாசிக்கவில்லை. சாமி வசனத்தைக் கக்கூஸ் வாசலிலா மாட்டுவார்கள்? பாத்திரத்தில் இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனிசி!

சி. இன்றும்.

(சி. என்றால் சிவப்பு. வெளிக்குப் போகும்போது இரத்தம். முழுதாக எழுதக் கை கூசுகிறது. மூலவியாதியாக இருக்கும். நேற்று மிளகாய்ப் பொரியலும் கூடிப்போனது.)

ஐம்பது கடந்தவர்களுக்கு அரசாங்கம் தபாலில் அனுப்புகிற பெட்டி, எனக்கும் வந்து கிடக்கிறது. சொந்த மலத்தைக் குச்சியால் தொட்டெடுத்துக் குழாய்க்குள் போட்டு அனுப்பவேண்டுமாம். இரண்டு நாள் எடுக்கவேண்டும். அதுவரை முதல் நாளையதை பிரிஜ்ஜுக்குள் வைக்கச் சொல்லி வெளியிலேயே படம். தயிருக்குப் பக்கத்தில்! அதற்குமேல் திறந்து பார்க்கவில்லை. குளியலறைத் தொட்டிக்குக் கீழே, பிளீச் போத்தலுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன்.

யூலை 8, செவ்வாய்

மழை. குடை முறிந்தது.

இன்று முதல்முறை பை மாற்றினேன். பதினொரு வருடமாக இந்த வேலை, சத்தி எடுப்பது, சலம் போவது, எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் துளை வேறு. சிவப்பாக, ஈரமாக, கோவைப்பழம் மாதிரி. அது தானாக அசைகிறது. கன்னத்துக்குள் கராம்பு ஒன்றை ஒதுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்தேன்.

"மூச்சை அடக்கிப் பிடிச்சுக்கொண்டு நிக்காதையும்," என்றாள் ரூத். "மயங்கி விழுந்தீரெண்டா உம்மைத் தூக்க என்னாலை ஏலாது."

(அவள் பேசுவது ஆங்கிலம். எழுதும்போது என் வாய்த் தமிழாகத்தான் வருகிறது. இருக்கட்டும்.)

சிரிக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மற்றவர்கள் "சொறி, சொறி" என்று அழுவார்கள். இவள் மேல்முகட்டைப் பார்த்துக்கொண்டு, யாரோ அயலவருடைய வயிறு மாதிரிக் கிடந்தாள். பையைத் திரும்பியும் பார்க்கவில்லை.

பிறகு அவள் நித்திரை. நான் சலாது இலையில் பூச்சி பார்த்தேன். பதினேழு இலை, இரண்டு பூச்சி, கண்ணுக்குத் தெரியாத பச்சைச் சனியன்கள். இத்தனை வருடம் நான் வீட்டில் கழுவிப் போட்ட கீரையில் எத்தனை உள்ளே போயிருக்கும்? சைவமாம் சைவம்.

அதற்குப் பிறகு ஒரு நல்ல காரியம். கையை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, அந்தப் பிரார்த்தனைச் சட்டத்தைக் கழற்றி, சுத்தத் துணியால் துடைத்து, சாப்பாட்டறை அலுமாரியின் மேல் இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுக்கும் நடுவில் வைத்தேன். அங்கேதான் அழகு. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த அவசரத்தில் யாரோ மாறி மாட்டியிருப்பார்கள். புண்ணியம் செய்த மாதிரி மனம் லேசாக இருந்தது.

ரயிலில் ஒருத்தி நகம் வெட்டினாள். ஒன்று தெறித்து என் காலடியில்.

சி. இல்லை. (ஓ, இருந்தது. இரவு கொஞ்சம்.)

யூலை 9, புதன்

வெயில், ஆனால் உப்புச்சப்பில்லாத வெயில்.

அகப்பட்டுக்கொண்டேன். ரூத் சுவரைப் பிடித்துப் பிடித்துத் தானாக நடந்து கக்கூஸ் வாசல் வரை போனாள். வெறும் ஆணி.

"ஆர் எடுத்தது?"

"நான்தான். கடவுளின்ரை வசனம். அந்த நாத்தத்துக்குப் பக்கத்திலை இருக்கக்கூடாது எண்டு, எடுத்து அங்கை வைச்சனான்."

அலுமாரியைப் பார்த்தாள். மெழுகுதிரித் தண்டுகளைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கினாள். தையல் வலிக்கிறது, தலையணையைத் தா, தலையணையைத் தா என்று கத்திக்கொண்டே சிரிப்பு. வயிற்றோடு தலையணையை அமர்த்திப் பிடித்துக் கதிரையில் இருந்து சிரித்தாள். நான் பேயைப் போல நின்றேன்.

"அது கக்கூசுக்கான செபம்தான், வதனி! வெளிக்குப் போட்டு வந்து, கை கழுவிப்போட்டுச் சொல்லுறது."

கக்கூஸ் போனதற்கு நன்றியாம்! எழுதவே கூசுகிறது. மனிசனைத் துளைகளோடும் பொந்துகளோடும் படைத்ததற்கு நன்றி. அதில் திறந்திருக்கவேண்டிய ஒன்று அடைத்தாலும், மூடியிருக்கவேண்டிய ஒன்று திறந்தாலும் ஒரு பொழுதுகூட உயிரோடு நிற்க முடியாது என்ற கருத்து. மூன்று வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்களாம். ஒரு நாளைக்கு ஐந்தோ ஆறோ தரம். சாப்பிட முன் ஒன்று, சாப்பிட்ட பின் ஒன்று, மின்னலுக்கு ஒன்று, இதற்கும் ஒன்று.

எனக்கு அருவருப்புத்தான் வந்தது. சில சங்கதி இருக்கிறது, கதவைச் சாத்தி, தண்ணீரை இழுத்து, மறந்துவிட வேண்டியது. அதற்குள் கடவுளை ஏன் இழுப்பான்?

"திருப்பி மாட்டவோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். உம்மடை இடத்திலையே இருக்கட்டும்." சிரிப்பு நின்றுவிட்டது. "ஒப்பரேசனுக்குப் பிறகு நான் அதைச் சொல்லுறேல்லை. எப்ப சொல்லுறது? நான் போறேல்லை. அது தன்ரை பாட்டுக்கு வருது. பையை வெறுமையாக்கேக்கை சொல்லு எண்டு எங்கடை மதகுரு, ரபி, சொல்லுறார். நல்ல மனிசன். அவருக்குப் பை இல்லை."

பிறகு, கேட்காமலே: "ஐம்பத்தெட்டு வருசம் சொன்னனான். கண்ணை மூடிக்கொண்டு, தெளிவாய், ஒரு எழுத்துப் பிசகாமல். கடைசி ஒரு வருசமும் ரத்தம் போய்க்கொண்டு இருந்தது. அதுக்கும் நன்றி சொல்லிப்போட்டு வந்தனான். ஒருநாளும் குனிஞ்சு பாக்கேல்லை. பாத்த நாளிலும், பாக்காத மாதிரித் தண்ணியை இழுத்தனான். இப்ப அந்தச் செபத்தை நினைக்க எனக்கே வாந்தி வருது. செபத்திலை இல்லை. என்னிலை."

நான் கோழி ரசத்தைக் கிண்டிக்கொண்டு நின்றேன். கோழி நெய் மிதக்கிற மணம். சிவப்பு நாடாக் கரண்டி. சரியான கரண்டிதான்.

ஏன் எனக்குச் சொல்கிறாள்? நான் கேட்டேனா? ஊரில் உள்ளவர்கள் எல்லோரும் தங்கள் வயிற்றைத் திறந்து எனக்குக் காட்டவேண்டுமா?

வரும் வழி முழுக்கக் கோபம். கிளேட்டனில் ஏறிய மாணவர் கூட்டம், ஈர உடுப்பு நாற்றம். இறங்கும்வரை வாயால்தான் மூச்சு.

சி. பார்க்கவில்லை. பார்க்காமல் இழுத்துவிட்டேன்.

யூலை 10, வியாழன்

லீவு நாள். ஆனால் என்னை வீடுகளுக்கு அனுப்புகிற ஏஜென்சியின் கட்டாயப் பயிற்சி, சூமில். தலைப்பு: மைண்ட்ஃபுல்னெஸ். ஒரு உலர்ந்த திராட்சையை ஐந்து நிமிடம் மெல்லவேண்டும். "அதன் சுருக்கங்களைக் கவனியுங்கள். உங்கள் நாக்கைக் கவனியுங்கள்." இருபத்திரண்டு பேர் கமராவுக்கு முன்னால் ஆடு மாதிரி அசைபோட்டோம். ஒருவருடைய மைக் திறந்தே கிடந்தது. அந்தச் சளப் சளப்! நான் திராட்சையைத் துப்பிவிட்டு, மென்ற மாதிரி வாயை ஆட்டினேன். பயிற்றுநர் என்னைப் பாராட்டினாள்.

பயிற்சி முடிந்த கையோடு ஏஜென்சிப் பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்தேன். ரூத் வீடு வேண்டாம், வேறு வீடு தாருங்கள் என்றேன். காரணம் கேட்டாள். யோசிக்காமல், "நாற்றம் தாங்க முடியவில்லை" என்றேன். திங்களில் இருந்து மாற்றித் தருகிறாளாம். நாளை மட்டும் போகவேண்டும். வெள்ளி பொழுதுபட அவளுடைய ஓய்வு நாள் தொடங்குகிறபடியால் மத்தியானம் தொடங்கி நாலரை வரை.

நிம்மதி என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை.

மகள் அபிக்கு இன்று வீட்டில் இருந்தே வேலை. பிளீச் எடுக்கப் போனவள் பெட்டியோடு வந்தாள்.

"அம்மா, வாட் இஸ் திஸ்? யூ ஹாவின்ற் ஈவின் ஓப்பண்ட் இற்." திறந்துகூடப் பார்க்கவில்லையாம் நான்.

"வைச்ச இடத்திலை வை."

"இற்ஸ் ஜஸ்ற் பூ, அம்மா." ஆங்கிலத்தில் மலத்துக்குப் பெயர் பூவாம்!

"சீ, சாப்பிடுற மேசையிலை வைச்சே கதைக்கிறாய்?"

தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டாள். பெட்டி மேசையில். எடுத்து ஒளிக்கப் போய், எப்படியோ திறந்துவிட்டேன். கடதாசி, பை, குச்சி, இரண்டு குழாய். கையேட்டில் ஒரு வரி: இரத்தம் கண்ணுக்குத் தெரிகிறதென்றால் இதைச் செய்துகொண்டு காத்திராமல் மருத்துவரிடம் போகவும்.

அப்போ பெட்டிக்குப் பயந்து ஒளித்தது வீண். பெட்டி எனக்கானதே இல்லை. நான் அதையும் தாண்டிவிட்டேன்.

மூலமாகவும் இருக்கலாம்தானே. எத்தனை நாளாக? ஒரு இரண்டு மாதம் என்றுதான் நினைத்திருந்தேன். இந்தக் கொப்பியைப் பின்னுக்குப் புரட்டினேன். வைகாசியில் சி. சித்திரையில் சி., சி., சி. பங்குனியில் ஒரு கிழமையில் நாலு. தையில் பொங்கலன்றும் இருக்கிறது: "பால் நன்றாய்ப் பொங்கியது. சி." பழைய கொப்பியையும் எடுத்தேன். முதலாவது மார்கழியில், அபியின் பட்டமளிப்புக்கு மறுநாள். அங்கே முழுதாகவே எழுதியிருக்கிறேன்: "இரத்தம் மாதிரி. பீற்றூட் சாப்பிட்டபடியால்." அன்று பீற்றூட் சமைக்கவில்லை. சமையலும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது: கத்தரிக்காய், பருப்பு.

ஏழு மாதம். என் கையெழுத்து. ஒரு நாளும் திரும்பி வாசிக்கவில்லை.

சலாது இலையில் பூச்சி பார்த்த கண் இது. என்னை நினைக்க எனக்கே அரியண்டமாக இருக்கிறது.

யூலை 11, வெள்ளி

காற்று. ரயில் பதினொரு நிமிடம் தாமதம்.

ரூத் குசினிக் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். தலைமுடி வாரி, நல்ல உடுப்பு. ஏஜென்சியில் இருந்து அவளுக்கு ஈமெயில் வந்திருக்கிறது. ஆள் மாற்றம், காரணத்தோடு. அந்தப் பெண்ணுக்கு அறிவு வேண்டாமா?

"நாத்தம் எண்டு சொன்னீராம்."

என் குளிர்ச்சட்டையைக் கழற்றி மடித்தேன்.

"நாத்தம்தான். எனக்கும் மூக்கு இருக்கு." குரல் உடையவில்லை. "முகத்துக்கு நேரை சொல்லியிருக்கலாம். நீர்தானே, கடவுளுக்கும் மணக்கும் எண்டு தூக்கிக்கொண்டு போய் வைச்சனீர்."

நிலம் பிளந்து உள்ளே போனால் நல்லது என்று நினைத்தேன். பிளக்கவில்லை. கோழி ரசம் கொதித்தது. அடுப்பைக் குறைத்தேன். குறைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தே சொன்னேன்.

"உங்கடை நாத்தமில்லை. எனக்கும் ரத்தம் போகுது."

பின்னால் அவள் கதிரை கிறீச்சிட்டது. பிறகு: "எத்தினை நாளா?"

"மார்கழியிலை இருந்து."

அவளுக்கு மார்கழி தெரியாது. டிசம்பர் என்றேன்.

ஆறுதல் சொல்வாள் என்று நினைத்தேன், தோளைத் தொடுவாள் என்று. அவள் மேசையில் ஓங்கி அடித்தாள். உப்புப் போத்தல் விழுந்தது. "மடைச்சி!" என்றாள். "நான் முந்தநாள் இந்தக் கதிரையிலை இருந்து என்ன கதை சொன்னனான்? நீர் அங்கை நிண்டு சூப் கிண்டினனீர்! இப்ப எடும் ரெலிபோனை. எனக்கு முன்னாலை."

"வீட்டை போய் எடுக்கிறன்."

"வீட்டை போய் எடுக்கமாட்டீர். எனக்குத் தெரியும், நானும் வீட்டை போய் எடுக்கிறன் எண்டு சொன்னனான். ஐஞ்சு மணிக்கு முன்னம் நான் மெழுகுதிரி கொளுத்தவேணும். அதுக்குப் பிறகு நாளைக்குப் பொழுது படும்வரை நான் ரெலிபோன் தொடமாட்டன், உமக்காகவும் தொடமாட்டன். நீர் எடுத்தனீரோ இல்லையோ எண்டு தெரியாமல் என்ரை ஓய்வு நாளை நாசமாக்கப் போறீரோ?"

எடுத்தேன். கிரான்பர்ன் கிளினிக். வெள்ளைக்காரப் பிள்ளை எடுத்திருந்தால் ஆங்கிலத்தில் சுலபமாகச் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் எந்தச் சொல்லும் நாறுவதில்லை. எடுத்தது வரவேற்பில் இருக்கிற கோயம்புத்தூர்ப் பிள்ளை. என் குரலைக் கண்டுபிடித்துவிட்டது.

"சொல்லுங்க ஆன்ட்டி, எப்படி இருக்கீங்க? எதுக்காக டாக்டரைப் பாக்கணும்?"

ரூத் என் வாயையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு சொல்லும் விளங்காது அவளுக்கு.

"மலத்தோடை ரத்தம் போகுது, பிள்ளை."

"எவ்வளவு நாளா ஆன்ட்டி?"

"ஏழு மாசம்."

சீ என்று சொல்லவில்லை அந்தப் பிள்ளை. தட்டச்சு செய்கிற சத்தம்தான் கேட்டது. "திங்கட்கிழமை காலைல ஒன்பது இருபதுக்கு வாங்க. கூட யாரையாவது கூட்டிட்டு வாங்க ஆன்ட்டி. அதுக்குள்ள ரொம்பப் போச்சுன்னா காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சிக்குப் போயிடுங்க."

வைத்தேன். கண்ணீர், மூக்குச்சளி எல்லாம் சேர்ந்து வழிந்தது. துடைக்கப் போன துணியை ரூத் பறித்தாள். பால் பாத்திரத் துணியாம்! கடதாசியை நீட்டினாள்.

அதற்குப் பிறகு வேலை. மெழுகுதிரி கொளுத்த முன் பையை வெறுமையாக்கவேண்டும். கராம்பு கொண்டுபோக மறந்துவிட்டேன். மூச்சை அடக்கவும் மறந்துவிட்டேன். நாற்றம் நாற்றம்தான், பொய் எழுதமாட்டேன். ஆனால் இன்று ரூத் முகட்டைப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"அதைக் கொண்டு வாரும்," என்றாள்.

அலுமாரியில் இருந்து சட்டத்தை எடுத்துவந்து கக்கூஸ் வாசலில் ஆணியைத் தேடினேன். ஆணி சற்று ஆடியது. செருப்பால் அடிக்கலாமா என்று கேட்டேன். சுத்தியல் இருக்கிறது, இது என்ன காட்டுமிராண்டித்தனம் என்றாள். மாட்டினேன். அவள் கை கழுவி வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தச் செபத்தைச் சொன்னாள். கசாயம் குடிக்கிற முகத்தோடு, மெதுவாக, நடுவில் ஓரிடத்தில் நின்று நின்று. பிறகு, "திங்கள் வரவேண்டாம். டாக்டரிட்டைப் போம். செவ்வாய் வாரும். ஏஜென்சிக்கு நீரே சொல்லும், நாத்தம் பழகிப்போச்செண்டு."

திராட்சைப் பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். ஐந்து நிமிடமா என்று கேட்டாள், ஒரு திராட்சைக்கா? தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டில் இவர்: "என்ன முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?" ஒன்றுமில்லை என்றேன். பழக்கம்.

சி.

யூலை 12, சனி

மழை. மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் அழுகல், விலையைக் கேட்டால் தங்கம். தேடித் தேடி நாலு எடுத்தேன். கீரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார். பூச்சி இருந்தது. வாங்கவில்லை.

இவருக்கு இன்றும் சொல்லவில்லை. இரண்டு தரம் வாய் வரை வந்தது. முதல் தரம் அவர் காதுக்குள் தீக்குச்சி விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். இரண்டாவது தரம் நித்திரை.

நாளை சொல்லவேண்டும்.

யூலை 13, ஞாயிறு

வெளியே இன்னும் இருட்டு, காலை ஆறரை மணி. ஹீற்றர் வேலை செய்யவில்லை. இவர் இன்னும் வேலையால் வரவில்லை.

இன்று தண்ணீரை இழுக்கவில்லை. எழும்பி, திரும்பி, குனிந்து பார்த்தேன். கண்ணை மூடாமல். இரத்தம். முழுதாக எழுதுகிறேன், இரத்தம். பீற்றூட் இல்லை, மிளகாய் இல்லை. நன்றி சொல்ல எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. சத்திதான் வந்தது, விழுங்கினேன்.

கை கழுவினேன். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அபியைக் கூப்பிட்டேன். நித்திரைக் கலக்கத்தில், தலைமுடி கலைந்து, "வாட், அம்மா?" என்று வந்தாள்.

"இஞ்சை வந்து பார்."

"வாட்?"

"பார் எண்டுறன். ஏழு மாசமா இப்பிடித்தான். நாளைக்கு ஒன்பது இருபதுக்கு டாக்டர். என்னோடை வா."

அவள் வந்தாள். பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். மூக்கைப் பொத்தவில்லை.